காத்தவராயன் வசம் நாலு முயல்

தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சாவி என்றில்லை, துளசிச் செடி, மீன் தொட்டி, காது கேட்காத மாமியார் என்று எதை விட்டுப்போக வேண்டியிருந்தாலும் பக்கத்து வீடுதான். வரிசையில் மொத்தம் பதினாறு வீடு. எல்லா வீட்டுச் சாவியும் எல்லா வீட்டு ஆணியிலும் ஒரு தடவையாவது தொங்கியிருக்கிறது. காத்தவராயன் வீட்டு ஆணியில் மட்டும் தொங்கியதில்லை. அந்த ஆணி துருப்பிடித்துத் தானாகவே விழுந்துவிட்டது.

காரணம் ஒரு வாத்து.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு ஜூடித்தின் அப்பா ஈஸ்டருக்கென்று இரண்டு வாத்து வளர்த்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்து பார்த்தால் கூடு காலி. கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது என்றார் காத்தவராயன். "கீரிப்பிள்ள மொளகு அரைக்குமா?" என்று எதிர்வீட்டு வெங்கடம்மா கேட்டாள். முந்தின நாள் பொழுதுக்கும் லைன் முழுக்க மிளகு வாசனை அடித்திருந்தது. இதில் பாதி அபாண்டம். இரண்டு வாத்தையும் அவர் தின்றார் என்பது சுத்தப் பொய், ஒன்றைத்தான் தின்றார். மற்றதை மெய்யாகவே கீரிப்பிள்ளைதான் கொண்டுபோனது. ஒன்றை ஒப்புக்கொண்டால் இரண்டும் தன் தலையில் விழும் என்று பயந்து, இரண்டையும் கீரிப்பிள்ளை தலையிலேயே போட்டுவிட்டார்.

இத்தனைக்கும் மனுஷன் சுரங்கத்தில் டிம்பர்மேன். எட்டாயிரம் அடிக்குக் கீழே அவர் நிறுத்திய மரத்தூணை நம்பி ஆயிரம் பேர் அடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார்கள். ஒருத்தன் தலையிலும் ஒரு கல் விழுந்ததில்லை. பாறைக்கு அடியில் உயிரையே அவர் கையில் கொடுத்தவர்கள், பூமிக்கு மேலே வந்ததும் ஒரு கோழிக்குஞ்சைக் கொடுக்க யோசித்தார்கள். எழுபத்தொரு வயதில் காத்தவராயனுக்கு இருந்த ஒரே குறை அதுதான். முழங்கால் வலியெல்லாம் அப்புறம்.

அப்படிப்பட்டவர் பொறுப்பில் நாலு முயல் வந்து சேர்ந்ததற்கு மாதாதான் பொறுப்பு.

பர்னபாஸ் பெங்களூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருகிறவர். பெண்டாட்டி ஜூடித் கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். வேளாங்கண்ணிக்கு வருவதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகியும் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு வாய்க்கவில்லை. இந்த மே மாதம் வாய்த்தது. ஞாயிறு போய் சனி திரும்புவதாக டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. பிப்ரவரியில் பர்னபாஸ் பெங்களூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த நாலு முயலையும், அதே ஊரில் பாலகாட் பக்கம் இருக்கிற அவருடைய தங்கை லவினா பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. கிளம்புவதற்கு முந்தின நாள் லவினா வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டது.

"தாய்ப்பூனைண்ணா. புலி மாதிரி கீது. முயல கொண்டாந்தா நான் பொறுப்பில்ல," என்று போனிலேயே கையை விரித்துவிட்டாள்.

வெங்கடம்மாவிடம் நாய் இருந்தது. ஆபிரகாமுக்கு முயல் மயிர் பட்டால் தும்மல். அவர் தும்மினால் தகர ஷீட்டு கிடுகிடுக்கும். கடைசி வீட்டு மஞ்சுநாத்துக்கு உயிரோடு இருக்கிற எதைத் தொட்டாலும் கூச்சம். லைனில் பதினாலு வீடு ஏறி இறங்கிவிட்டு பர்னபாஸ் பின்கட்டில் வந்து உட்கார்ந்தார்.

"நான் போவல," என்றாள் ஜூடித். "ஒம்போது வருசம் பொறுத்த மாதா இன்னும் ஒரு வருசம் பொறுப்பாங்க."

இரண்டு பின்கட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த காத்தவராயன், பிழிந்த லுங்கியைக் கையில் வைத்தபடியே, "நான் பாத்துக்கறேம்மா," என்றார்.

அப்போது தெருக்குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர்கூட நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அது எப்போதுமே அந்த நேரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான்.

பர்னபாஸ் ஜூடித்தைப் பார்த்தார். ஜூடித் வானத்தைப் பார்த்தாள். அப்பா அங்கேயிருந்து வாத்துகள் சகிதம் குனிந்து பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"ஏன் எல்லாரும் வாய மூடிக்கினீங்க?" என்று கேட்டார் காத்தவராயன். "ஆறு நாளிக்கு எங்க வூட்ல கவுச்சியே கெடையாது. முட்டகூட கெடையாது. போதுமா?"

"நான் கீறேன் ஜூடித்து," என்று உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி சரோஜம்மா குரல் கொடுத்தாள். அதற்கு அப்புறம்தான் ஜூடித் மூச்சு விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் பையும் தோளில் தண்ணீர்ப் பாட்டிலுமாக நின்றுகொண்டு பாடம் நடத்தினாள். முயல்களின் பெயர் கேப்டன், டோனி, வின்சென்ட், பாபு. நாலும் ஆண் என்று விற்றவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருந்தான். மூன்று முயல் வெள்ளை வெளேரென்று இருக்கும். கேப்டனுக்கு மட்டும் மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு மீசை. முன்காலத்து வெள்ளைக்கார சுரங்க கேப்டன் மாதிரியே யாரையும் மதிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

"காலையில புல்லு. மத்தியானம் முட்டகோசு எல. ரெண்டே ரெண்டு, அதுக்கு மேல குடுத்தா வயிறு ஊதிக்கும். தண்ணிக் கிண்ணம் வெய்யில்ல சுட்டுடும், மாத்திகினே இருக்கணும். தூக்கறப்போ காதப் புடிச்சித் தூக்கக் கூடாது."

"பின்ன எப்பிடி?"

"கொழந்தயத் தூக்கற மாதிரி."

"நான் கொழந்தயவே காதப் புடிச்சித்தாம்மா தூக்கனேன். எங்க லதாவக் கேட்டுப் பாரு."

சரோஜம்மா அவர் இடுப்பில் ஒரு இடி இடித்தாள்.

"தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அக்கா போனுக்கு வீடியோ கால் போடுவேன். நாலயும் காட்டணும்," என்றாள் ஜூடித். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி இன்னொரு தரம் சொன்னாள்: "நாலயும்ணா!"

அந்த மே மாத வெயிலில், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் காக்கா உட்கார்ந்தால், எழுந்து போகிறபோது ஒரு காலைத்தான் எடுத்துக்கொண்டு போகும். காத்தவராயன், ஜூடித் வீட்டுப் பின்கட்டில் இருந்த முயல்கூட்டின் மேல் ஈரச்சாக்கு போட்டு, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார். ஷிஃப்ட் போட்டுவிட்டார். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவர், இரண்டிலிருந்து பத்து வரை சரோஜம்மா. ஷிஃப்ட் மாறும்போது தலை எண்ணிக்கொண்டுதான் மாற வேண்டும்.

"நாலு."

"நாலா? எங்க, எண்ணு."

"யோவ், நாலத்தான்யா எண்ணுவாங்க! அதுக்கு இன்னா மெஷினா வெக்கணும்?"

"ஷாஃப்டுல இப்பிடி அலட்சியமா எண்ணித்தாண்டி ஒருத்தன அடியில வுட்டுட்டு கேஜு மேல வந்துச்சி."

காலையில் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்துபோய், கோசுக்காரி உரித்துப் போட்ட மேல்இலைகளைப் பொறுக்கி வருவார். "இன்னா காத்தவராயா, முயல கொழுக்க வெக்கிறியா?" என்று அவள் சிரிப்பாள். இவர் சிரிக்க மாட்டார். கூட்டின் கதவைத் திறந்து பின்கட்டில் முயல்களை உலாவ விட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள் சாயங்காலமும் நாலு முயலும் வீடியோவில் முகம் காட்டின. மூன்று நாளும் வெறும் களியும் கீரையும். செவ்வாய் ராத்திரி அவருக்கு ஒரு கனவு வந்தது. கனவில் வாழையிலை, இலையில் மிளகு போட்டு வறுத்த முயல் கறி. ஒரு துண்டு விடாமல் தின்று, எலும்பையும் உறிஞ்சிவிட்டு, இலையை மடித்தார். விடியற்காலையில் ஏப்பம் விட்டுக்கொண்டே எழுந்தார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு எண்ணினார். மூன்று.

கேப்டன் இல்லை.

கூட்டின் கதவு ஓரத்தில் கம்பிவலை வளைந்திருந்தது. பின்கட்டு மூலையில், இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் நிற்கிற இடத்தில் ஒரு பொந்து. வாயிலே புது மண் அடைத்து, யாரோ உள்ளங்கையால் தட்டிவிட்ட மாதிரி மூடியிருந்தது.

காத்தவராயன் இன்னொரு தரம் எண்ணினார். முயல் ஓடிப்போனது என்று லைனில் யாரிடம் சொல்வது? கீரிப்பிள்ளைக் கதையை ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது.

சத்தமில்லாமல் போய் ஆபிரகாமை மட்டும் கூட்டிவந்தார். ஆபிரகாம் சுரங்கத்தின் ரெஸ்க்யூ டீமில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். எழுபத்து நாலு வயது. முழங்கால் இரண்டும் வெடிபோல் சத்தம் போட, பொந்தின் பக்கத்தில் குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"ரூஃப் வுழுந்துடுச்சி," என்றார்.

"அண்ணா!"

"பாரு, வாய் பூராவும் சரிஞ்சி கீது. புது மண்ணு. உள்ள ஆளு மாட்டிக்கினு கீறாரு."

சுரங்கத்தில் வேலை செய்யாத எவனாக இருந்தாலும் அந்த மண்ணைக் கையால் தள்ளிவிட்டு உள்ளே பார்த்திருப்பான். சரோஜம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

"கையால நோண்டினா இன்னாங்க? ஒரு மொழ ஓட்ட."

கேஜ் என்கிற கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் ஒரு தரம்கூட இறங்காதவர்களைப் பார்க்கிற பார்வையால் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆத்தா," என்று ஆபிரகாம் பொறுமையாகச் சொன்னார், "சரிஞ்ச எடத்துல கை வெச்சா மேல கீறதும் சரியும். பக்கத்துல ஷாஃப்ட் எறக்கணும். அப்பால லெவல் போட்டு குறுக்க போவணும். காத்தவராயன் டிம்பர் அடிச்சிகினே வருவான். இது ரூல்சு."

"மொயலுக்கா?"

"உயிருன்னா எல்லாம் உயிருதான்."

மண்ணை மேலே இழுக்க ஆள் வேண்டும் என்று மஞ்சுநாத்தைச் சேர்த்தார்கள். அவர் சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கிய வைண்டிங் டிரைவர். மூன்று மூங்கிலைக் கூம்பாகக் கட்டி, கிணற்று உருளையை மாட்டி, பக்கெட்டில் கயிறு கோத்துத் தந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"பெல் இல்தே ஹக்க முட்டல்ல நானு."

சிக்னல் மணி இல்லாமல் கயிற்றைத் தொடமாட்டாராம். சரோஜம்மாவின் பூஜை மணியைக் கொண்டுவந்து, குழியிலிருந்தும் இழுத்து அடிக்கிறாப்போல் கூம்பில் கட்டினார்கள். இரண்டு அடித்தால் இறக்கு, ஒன்று அடித்தால் நிறுத்து. குழி முழங்கால் ஆழம் இருக்கும்போதே ஆபிரகாம் மணியடித்துத்தான் பக்கெட்டை வாங்கினார். கை நீட்டினால் கைக்கு எட்டும் மஞ்சுநாத்துக்கு.

ஓயாத பூஜை மணிச் சத்தம் கேட்டு, பிரசாதம் கொடுக்கிறார்களோ என்று வெங்கடம்மா எட்டிப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். எண்ணினாள்.

"ஏமய்யா," என்றாள், "முயல எடுக்கக் குழி தோண்டறீங்களா, எலும்பப் பொதைக்கத் தோண்டறீங்களா?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்றார் காத்தவராயன். எடுக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள் என்றாள் சரோஜம்மா. அவள் போனைப் பிடித்துக்கொண்டு வின்சென்ட்டை, பாபுவை, டோனியைக் காட்டினாள். நாலாவதாகக் காட்டுவதற்குள், ஓரமாக உட்கார்ந்திருந்த காத்தவராயன் கண்மை டப்பாவில் விரலைத் தோய்த்து டோனியின் மூக்குக்குக் கீழே ஒரு மீசை போட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"கேப்டன் இன்னாண்ணா எளச்சிட்டான்?" என்று ஜூடித் போனுக்குள்ளிருந்து கேட்டாள். பின்னால் கடல் இரைந்தது.

"வெய்யிலும்மா."

"அங்க இன்னா மணி சத்தம்?"

"உங்களுக்காக பூஜ பண்றோம்."

ஜூடித்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ்ணா. உங்களப் பத்தி நான் இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன்," என்றாள். காத்தவராயனுக்கு அந்த வார்த்தை மார்பில் கடப்பாரை இறங்கின மாதிரி இறங்கியது. இருபத்திரண்டு வருஷமாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்கிறபோது மடியில் மைபூசிய முயல்.

வியாழக்கிழமை குழி நாலடி. பழைய கயிற்றுக் கட்டிலைப் பிரித்து, காலையும் சட்டத்தையும் வைத்து அவர் டிம்பர் அடித்தார். சாகிற வரைக்கும் மறக்காத வேலை. ஆப்பு ஒவ்வொன்றும் அடிக்கு அடி சுருதி ஏறிக்கொண்டே போனது. மணிக்கொரு தரம் மூன்று பேருக்கும் டீ. மாலை வீடியோவில் மீசை அவசரத்தில் மேல்பக்கம் வளைந்துவிட்டது.

"நேத்து கீழ பாத்து இருந்துச்சே?" என்றாள் ஜூடித்.

"சந்தோசமா கீறாரு."

வெள்ளிக்கிழமை ஆறடி. அங்கிருந்து குறுக்கே லெவல் போட்டார்கள். பொந்து அகப்படவில்லை. ஆபிரகாம் தெற்கு என்றார். காத்தவராயன் கிழக்கு என்றார். மேலேயிருந்து மஞ்சுநாத் ஒரு மணி அடித்து நிறுத்தச் சொன்னார். அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில்தான் சரோஜம்மா சமையலறை பெருக்கினாள். மூலையில் பழைய விறகடுப்பு. கேஸ் வந்த பிறகு மூன்று வருஷமாக ஒரு சாக்கைப் போட்டு மூடிக் கிடக்கிறது. அதன் முன்னால் தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. பஞ்சு என்று எடுத்தாள். பஞ்சு இல்லை. முயல் மயிர். ஒரு பிடி.

அவள் வெளியே வந்து, குழிக்குள் நின்ற புருஷனை மேலே வரச் சொன்னாள். இரண்டு மணி அடித்து மஞ்சுநாத் கயிறு இறக்கினார். வந்தவரை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னாது இது?"

காத்தவராயன் பார்த்தார். 

"கையக் காட்டு." முகர்ந்தாள். மண் வாசனைதான் அடித்தது. "வாயக் காட்டு."

"சரோஜா, உன் மேல சத்தியமா..."

"என் மேல வேணாம். எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும். நெஜத்த சொல்லு. பசி தாங்காம பண்ணிட்டியா? பண்ணியிருந்தா சொல்லிடுயா. மூணு நாளு கீரையப் போட்டது என் தப்புதான்."

பெண்டாட்டி திட்டியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். அவள் அப்படிக் குரலைத் தணித்ததும்தான் அவருக்கே சந்தேகம் வந்தது. செவ்வாய் ராத்திரி சாப்பிட்டது கனவுதானா? கனவில் யாராவது எலும்பு உறிஞ்சுவார்களா? கனவென்றால் ஏப்பம் எப்படி வந்தது? தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள் உண்டு. அவருடைய பெரியப்பா ஒருத்தர் தூக்கத்திலேயே எழுந்து, ஷிஃப்டுக்குப் போய், எட்டு மணி நேரம் வேலை செய்து, வந்து படுத்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். அந்த ரத்தம்தானே.

"தெரியலயேடி," என்றார்.

மிளகாய் கடன் கேட்க வந்த வெங்கடம்மா எப்போது கதவைத் திறந்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மிளகாயை வாங்கி முந்தானையின் ஒரு முனையில் முடிந்தாள். மயிரை வாங்கி இன்னொரு முனையில் முடிந்தாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பர்னபாஸ் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, வெயிலில் பித்தளைச் சொம்பு மாதிரி இறங்கினார். ஜூடித் மாதா எண்ணெயும் கடலை மிட்டாயுமாக நேரே பின்கட்டுக்குப் போனாள்.

பின்கட்டில் ஒரு சுரங்கம் இருந்தது.

மேலே கூம்பு, உருளை, கயிறு. பக்கத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு மண்மேடு. கயிற்றைப் பிடித்தபடி மஞ்சுநாத். பூமிக்கு அடியிலிருந்து ஆபிரகாம் ஒரு தும்மல் தும்மினார், கூம்பு ஆடியது.

"மாதாவே, இன்னாது இது?" என்றார் பர்னபாஸ்.

ஜூடித் கூட்டைத்தான் பார்த்தாள். வின்சென்ட், பாபு, கேப்டன். மூன்று. "டோனி எங்க?" என்றாள். கேப்டனைத் தூக்கினாள். எடை குறைந்திருந்தது. உற்றுப் பார்த்தாள். நாக்கில் விரலைத் தொட்டு மூக்குக்குக் கீழே தேய்த்தாள். மீசை விரலோடு வந்துவிட்டது.

அந்த மை விரலை நீட்டிக்கொண்டு காத்தவராயனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்தார். சுற்றிலும் லைன் ஜனம் கூடிவிட்டது. வெங்கடம்மா முன்னால் வந்து, முதலில் தப்பான முடிச்சை அவிழ்த்து மிளகாயைக் காட்டினாள். அப்புறம் சரியான முடிச்சை அவிழ்த்தாள்.

"இவங்க குசினியில கெடச்சிது. நான் ஒண்ணும் சொல்லல. மயிருதான் சொல்லுது."

"அண்ணா," என்றாள் ஜூடித். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கத்த மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கேப்டன நீங்க தின்னீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாத்துக்கு அப்படித்தான் சொன்னார். ஆனால் மூன்று நாளாக மீசை வரைந்து வரைந்து அவருக்குப் பொய் சலித்துவிட்டது.

"தெரியலம்மா," என்றார். "தின்னேன்னு எனக்கு நெனவில்ல. கனவுல தின்னேன். மெய்யாலுமே தின்னிருந்தாலும் தின்னிருப்பேன். அன்னிக்கி உங்க அப்பாரு வாத்துல ஒண்ண நாந்தான் தின்னேன். இன்னொண்ணு கீரிப்பிள்ளதாம்மா. அத்த மட்டும் நம்பு."

 ஜூடித் மண்மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பயணக் களைப்பு, வெயில், அழுகை எல்லாம் சேர்ந்து அவளுக்கு மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. "யாராச்சும் ஒரு வாய் காப்பி போடுங்களேன்," என்றார் பர்னபாஸ்.

சரோஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கேஸ் அடுப்பைத் திருகினாள். புஸ் என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று நாள் மூன்று கிழவர்கள் குடித்த டீயில் சிலிண்டர் தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் நாலு சுள்ளியை எடுத்துக்கொண்டு, தீக்குச்சியை உரசி ஒரு கையில் பிடித்தபடி, விறகடுப்பின் மேல் கிடந்த சாக்கை மறு கையால் இழுத்தாள்.

அடுப்புக்குள் இரண்டு கண் இருந்தது. அதற்குக் கீழே மீசை.

சரோஜம்மா குச்சியைக் கீழே போட்டாள். அது அவள் கால்விரல் மேல் விழுந்தது. அவள் போட்ட கூச்சல் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் நின்ற ரயிலுக்குக் கேட்டு, கார்டு கொடி காட்டாமல் நிறுத்திவைத்தார் என்று சொல்கிறார்கள்.

"அடுப்புல மொயலு! ஜூடித்து, ஓடியா! அடுப்புல மொயலு கீது!"

"பாத்தீங்களா?" என்றாள் வெங்கடம்மா. ஆனால் முதலில் ஓடினதும் அவள்தான்.

கேப்டன் பொதுச்சுவருக்கு அடியில் வளை தோண்டி, அடுப்பின் சாம்பல்குழிக்குள் வந்து ஏறியிருந்தது. தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி மெத்தை போட்டிருந்தது. மெத்தை நடுவில், கண் திறக்காத, மயிர் முளைக்காத, சுண்டுவிரல் நீளத்தில் ஏழு குட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நெளிந்தன.

"அது கேப்டனே இல்லயே!" என்றார் பர்னபாஸ் மொட்டையைத் தடவிக்கொண்டு. "நாலும் ஆம்பளன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணானே!"

"அவனுக்குப் பிள்ளைங்களே இருக்காது," என்றாள் சரோஜம்மா காலை ஊதிக்கொண்டு.

ஜூடித் அடுப்புக்கு முன்னால் மண்டிபோட்டு விளக்கினாள். குட்டி போட்ட முயல் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிடுமாம். வேறு பிராணி வராமலிருக்க அதுவே போடுகிற கதவு. ரூஃப் விழவில்லை. ஆளரவம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து தின்றுவிட்டுப் போகுமாம். பின்கட்டுப் பக்கம் இறங்காமலே, சமையலறையில் சரோஜம்மா நறுக்கி வைத்த கீரையிலிருந்தே அது மூன்று நாளும் சாப்பிட்டிருக்கிறது. கீரை ஏன் தினமும் குறைகிறது என்று அவள் புருஷனை வேறு சந்தேகப்பட்டிருந்தாள்.

பின்கட்டில் மணி ஒரு தரம் அடித்தது. பூமிக்கு அடியிலிருந்து ஆபிரகாமின் குரல் வந்தது. "இன்னா சத்தம் மேல? ஆளு கெடச்சிட்டாரா?"

"கெடச்சிட்டாங்கண்ணா!" என்று பர்னபாஸ் கத்தினார். "ஒருத்தரு எறங்கினாரு, எட்டுப் பேரு ஏறி வந்துகீறாங்க!"

 "இருவத்தாறு வருசத்துல இப்பிடி ஒரு ரெஸ்க்யூ நான் பாத்ததில்ல," என்றது குரல்.

காத்தவராயன் தன் வீட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி மட்டும் பார்த்தார்.

"தூக்கி எங்க வூட்டுக்குக் கொண்டு போவலாமா?" என்று பர்னபாஸ் மெதுவாகக் கேட்டார்.

"எடம் மாத்தினா தாயி குட்டிங்கள வுட்டுடும்," என்றாள் ஜூடித். எழுந்து முட்டியில் ஒட்டின சாம்பலைத் தட்டினாள். கூடியிருந்தவர்களை எல்லாம் வெளியே போகச் சொன்னாள். வாசலில் நின்றவரை மட்டும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "ஒரு மாசம் இங்கயே கெடக்கட்டும்ணா. வேற யாரும் கிட்ட வரக் கூடாது. நீங்க மட்டும் பாத்துக்குங்க."

"நானா?"

"தின்னாத மொயலத் தின்னேன்னு ஒத்துக்கற ஆளு, தின்னா மறைக்கவா போறீங்க?"

காத்தவராயன் ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்கைச் சிந்துகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்தச் செய்தி லைனில் பரவி, பக்கத்துச் சாம்பியன் ஏரியா வழியாகப் பாலகாட் போய், லவினாவிடம் போய்ச் சேரும்போது குட்டி பதினேழாகியிருந்தது. விஷயம் அதோடு நிற்கவில்லை. மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போகிற மாதம். திங்கட்கிழமை மஞ்சுநாத் வீட்டார் ஒரு ஜோடி புறாவைக் காத்தவராயனிடம் கொடுத்துவிட்டு மைசூருக்குப் போனார்கள். புதன்கிழமை ஆபிரகாமின் மருமகள் ஒரு வெள்ளாட்டுக் குட்டியைக் கட்டிவிட்டுப் போனாள். அடுப்புக்குள் பிள்ளை பெற்றவள் இருப்பதால் தாளிக்கிற புகைகூட ஆகாது. சரோஜம்மா பின்கட்டில் மூன்று கல்லைப் போட்டு, களியும் கீரையுமாகக் கிண்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காத்தவராயன் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, வெங்கடம்மா கூடையோடு வந்தாள்.

"மகள் வூட்டுக்கு, குப்பம் போறேன். பத்து நாளு. நாயிகிட்ட இத்த வுட்டுட்டுப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க." கூடையை அவர் தட்டின் பக்கத்திலேயே இறக்கினாள். "பத்ரம்ய்யா. உங்க பொறுப்பு."

கூடையில் ஒரு நாட்டுக்கோழி. சிவப்புக் கொண்டை, பளபளவென்று இறக்கை, தொடை இரண்டும் உருண்டு திரண்டு, அந்த வருஷம் ஜில்லாவிலேயே அப்படி ஒரு கோழி இருந்திருக்காது.

கோழி அவரைப் பார்த்தது. அவர் கோழியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரோஜா," என்றார், கண்ணை எடுக்காமல். "அந்தக் கீரய இன்னும் ரெண்டு கரண்டி போடு."